ஞாயிறு காலை சைக்கிள்: பஞ்சர் முதல் குடும்பப் பயணம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வண்டி நிறுத்தும் இடத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். காற்று இறங்கி, தூசி படிந்து, சுவரோரம் சாய்ந்திருக்கும் நல்ல நல்ல சைக்கிள்கள் தென்படும். வாங்கியவர்களிடம் பேசினால் அநேகமாக ஒரே மாதிரிக் கதைதான் வரும். ஒருநாள் வழியில் பஞ்சர், கடை திறக்காத நேரம், வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தார்கள். இல்லையென்றால் நாய் துரத்தியது. இல்லையென்றால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன இடத்தில் வெயில் ஏறிவிட்டது, பிள்ளை அழுதது, வீட்டில் திட்டு விழுந்தது. அதோடு சைக்கிள் ஓரங்கட்டப்பட்டது.

அப்படி நிறுத்தியவர்களுக்கும் இனிமேல் தொடங்கப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். வேகம், சாதனை, எடைக்குறைப்பு எதுவும் இதில் இல்லை. வாரத்தில் ஒன்றிரண்டு காலை மனதுக்குப் பிடித்தபடி ஓட்டுவது, வழியில் ஏதாவது நடந்தால் சமாளிப்பது, அப்புறம் வீட்டில் உள்ளவர்களையும் சேர்த்துக்கொள்வது, இவ்வளவுதான். உதாரணங்கள் பெரும்பாலும் சென்னையை ஒட்டியவை, நான் ஓட்டுவது இங்கேதான்.

படி 1: இருக்கிற சைக்கிளை உடம்புக்குப் பொருத்துங்கள்

புதிதாக வாங்குவதாக இருந்தால் 32 முதல் 40 மி.மீ. அகல டயர் கொண்ட ஹைப்ரிட் (சாலைச் சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் இடைப்பட்ட வகை) போதும். முன்னால் ஸ்பிரிங் வைத்த தடித்த டயர் மலைச் சைக்கிள் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் தார்ச்சாலையில் அதன் எடையைச் சுமந்துகொண்டு போவது நீங்கள்தான். வாங்க வசதி இல்லையென்றால் கவலைப்பட வேண்டாம். பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா சைக்கிள் பல வீடுகளில் சும்மா நிற்கிறது. டியூப், பிரேக் கட்டை, செயின் மூன்றையும் பார்த்துச் சரிசெய்தால் பத்து கிலோமீட்டர் சுற்ற அது அருமையான வண்டி.

எந்தச் சைக்கிளாக இருந்தாலும் முதலில் சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு சீட்டில் உட்காருங்கள். ஒரு பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் முழுதாக நீண்டிருக்க வேண்டும், ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சரியக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். நம் ஊரில் ஏறக்குறைய எல்லோரும் சீட்டைத் தேவைக்குக் கீழே வைத்திருக்கிறோம், உட்கார்ந்தபடியே இரண்டு காலும் தரையில் பட வேண்டும் என்ற பழக்கத்தால். முட்டியின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்ந்திருக்கிறது என்று பொருள். முட்டிக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தால் உயரம் அதிகம். ஒரே நாளில் ஏற்றிவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், உடம்பு பழகிவிடும்.

படி 2: கிளம்பும் முன் காற்று, பிரேக், செயின்

காற்று எவ்வளவு வரை அடிக்கலாம் என்று டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். அது உச்ச வரம்பு, அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்பதில்லை. 35 மி.மீ. டயருக்கு, சராசரி எடையுள்ளவர் என்றால் 50 முதல் 65 பி.எஸ்.ஐ. (பம்பு காட்டும் காற்றழுத்த அளவு) வசதியாக இருக்கும். ஒல்லியான 28 மி.மீ. டயருக்கு 75 முதல் 90 வரை. சும்மா நின்றாலும் டியூபில் காற்று மெல்லக் குறையும், அதனால் வாராவாரம் அடிக்க வேண்டும். அளவு காட்டும் தரைப் பம்பு ஒன்றை வீட்டில் வாங்கி வைப்பது, சைக்கிளுக்குச் செய்யும் செலவுகளிலேயே பயனுள்ள செலவு.

பிரேக் லீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருளக் கூடாது, லீவர் கைப்பிடியைத் தொடவும் கூடாது. சக்கரத்தை நெம்பித் திறக்கும் குவிக் ரிலீஸ் இருந்தால் அது இறுக மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். செயினைக் கையால் பின்னோக்கிச் சுற்றினால் கிறீச் சத்தம் வரக் கூடாது. கடைசியாக வண்டியை ஒரு சாண் தூக்கிக் கீழே விடுங்கள். புதிதாக ஏதாவது லொடலொடத்தால், எது என்று கண்டுபிடித்த பிறகே கிளம்புங்கள்.

ஹெல்மெட்டைப் பின்னந்தலையில் தொங்கவிட்டுக்கொள்வதைப் பல இடங்களில் பார்க்கலாம். அது புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில், நெற்றியை மூடி உட்கார வேண்டும். தாடைப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் தளர்வு கூடாது. உள்ளே இருப்பது தெர்மாகோல் வகைப் பொருள். அடி விழும்போது அது நசுங்கி, தலைக்குப் போகும் அதிர்ச்சியைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கினால் திரும்ப வராது. விழுந்து தலை தரையில் பட்டிருந்தால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் ஹெல்மெட்டை மாற்றிவிட வேண்டும்.

படி 3: பையில் இருக்க வேண்டியவை

ஒரு மாற்று டியூப், டயரை நெம்பி எடுக்க இரண்டு பிளாஸ்டிக் டயர் லீவர், கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் பெட்டி, 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, மடித்த ஒரு பழைய துணி. காயத்துக்குக் கட்டும் துணியும் பிளாஸ்டரும். கொஞ்சம் ரொக்கம், ஏனென்றால் சிக்னல் கிடைக்காத இடத்தில் யூபிஐ உதவாது. பெயர், ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய ஒரு சீட்டு. போன் பூட்டியிருந்தால் அதைத் திறந்து உங்கள் வீட்டுக்குச் சொல்ல யாராலும் முடியாது, அந்தச் சீட்டு சொல்லும்.

மாற்று டியூப் வாங்கும்போது வால்வைப் பார்த்து வாங்குங்கள். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த வால்வு ஒரு வகை. நுனியில் திருகி அழுத்தும் மெல்லிய பிரெஸ்டா இன்னொரு வகை. பழைய சைக்கிள்களில் வால்டியூப் போட்டு மாட்டும் வகை மூன்றாவது. பிரெஸ்டா என்றால் சின்னப் பித்தளை அடாப்டர் ஒன்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், அது இருந்தால் சாலையோரக் கடையிலும் காற்றடிக்கலாம். கம்ப்ரஸரில் அடிக்கும்போது விட்டுவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஒல்லி டியூபுக்குள் போகும் காற்றின் அளவு குறைவு, அழுத்தம் சட்டென்று ஏறிவிடும்.

படி 4: பஞ்சர்

இதை முதல்முறையாகச் சாலையோரத்தில் செய்து பார்க்காதீர்கள். ஒரு சனிக்கிழமை மாலை, வீட்டு வாசலில், நன்றாக இருக்கும் சக்கரத்தையே கழற்றி, டியூபை எடுத்து, திரும்ப மாட்டிப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தவருக்கு அப்புறம் பஞ்சரைப் பற்றிய பயமே இருக்காது. வெகுதூரம் போகத் தயங்குவதும் அதோடு நிற்கும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்து பார்க்க நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள்.

வழியில் காற்று இறங்கினால் உடனே நிறுத்துங்கள். காற்றில்லாமல் ஓட்டினால் டியூபும் கெடும், ரிம்மும் கெடும். சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி நிழலுக்கு வந்துவிடுங்கள். பின்சக்கரம் என்றால், காற்று இறங்கியதை உணர்ந்ததும் செயினைப் பின்னாலுள்ள மிகச் சிறிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டு நிற்பது நல்லது, கழற்றுவது சுலபமாகும். ரிம் பிரேக் (கட்டை ரிம்மையே பிடிக்கும் வகை) என்றால் பிரேக்கைத் தளர்த்துங்கள். டிஸ்க் பிரேக் (சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் வகை) என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லீவரைத் தெரியாமல்கூட அழுத்தக் கூடாது. திரவ அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க்காக இருந்தால் உள்ளே கட்டைகள் ஒட்டிக்கொண்டு, சக்கரம் திரும்ப நுழையாது.

மிச்சமிருக்கும் காற்றை முழுவதும் வெளியேற்றுங்கள். டயரின் இரண்டு விளிம்புகளையும் சுற்றிலும் அழுத்தி, ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் இறக்குங்கள். அங்கே சுற்றளவு குறைவு, அதனால் டயர் தளர்ந்து கொடுக்கும். இப்போது டயர் லீவரை நுழைத்து ஒரு பக்க விளிம்பை மட்டும் வெளியே எடுத்தால் போதும், டியூபை உருவிவிடலாம்.

அவசரப்பட்டுப் புது டியூபைப் போட்டுவிடாதீர்கள், அடுத்த கிலோமீட்டரிலேயே மறுபடி இறங்கும். எது குத்தியது என்று முதலில் தெரிய வேண்டும். பழைய டியூபில் கொஞ்சம் காற்றடித்துக் கன்னத்தருகே மெல்லச் சுற்றினால் ஓட்டையிலிருந்து வரும் காற்று தோலில் படும். ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். சாலையைத் தொடும் வெளிப்பக்கத்தில் என்றால் ஏதோ குத்தியிருக்கிறது. ரிம் பக்கத்தில் என்றால், போக்ஸ் கம்பிகளின் முனையை மூடும் ரிம் நாடா விலகியிருக்கும். பாம்பு கொத்தியது போல அருகருகே இரண்டு ஓட்டை என்றால் முள் எதுவும் இல்லை. காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது.

வெளிப்பக்க ஓட்டை என்றால் வால்விலிருந்து அது எத்தனை விரற்கடை தூரம் என்று பார்த்து, டயரிலும் அதே இடத்தில் தேடுங்கள். பெரும்பாலும் சீமைக்கருவேல முள்ளாகவோ நெருஞ்சியாகவோ இருக்கும். நெடுஞ்சாலையில் லாரி டயர்கள் வெடித்துச் சிதறிய இடத்தில் கிடக்கும் முடி போன்ற கம்பி ஒன்று உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. பழைய துணியை டயருக்குள் விட்டு மெல்லத் தேய்த்துக்கொண்டே போனால் துணி மாட்டும் இடத்தில் அது இருக்கும். வெறும் விரலால் தேடினால் விரல் கிழியும்.

மாற்று டியூபுக்குள் உருவம் வரும் அளவுக்கு மட்டும் காற்றடித்து உள்ளே வையுங்கள். வால்வு நேராக நிற்க வேண்டும். டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி, இரண்டு கையாலும் உள்ளே தள்ளிக்கொண்டே வந்து, வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள். கடைசி ஒரு சாண் முரண்டு பிடிக்கும். டயர் லீவரைத் தேடாதீர்கள், புது டியூபைக் கிள்ளி ஓட்டை போடுவது அதுதான். எதிர்ப்புற விளிம்பை மறுபடி நடுப்பள்ளத்துக்குள் அழுத்திவிட்டு வந்தால் அந்த ஒரு சாண் தானாக ஏறும். வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி வெளியே இழுங்கள். பாதிக் காற்றடித்து, டியூப் எங்கேயும் வெளியே எட்டிப்பார்க்கிறதா என்று இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்த பிறகு முழுக் காற்று.

டயரே கிழிந்திருந்தால், கிழிந்த இடத்தில் உள்ளே ஒரு சிப்ஸ் பாக்கெட் தாளை நாலாக மடித்து வைத்து டியூபைப் போடுங்கள். மெதுவாக வீடு வந்துவிடலாம்.

ஒட்டும் வேலையை வீட்டில் நிதானமாகச் செய்யுங்கள். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேய்த்து, பேட்சைவிடக் கொஞ்சம் அகலமாக சொல்யூஷனை மெல்லிய படலமாகத் தடவுங்கள். அப்புறம் காத்திருங்கள். ஈரப் பளபளப்பு மறைய மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டிவிடுவதால்தான் பல பேட்சுகள் பிரிந்து வருகின்றன. காய்ந்த பிறகு பேட்சை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்தால் அந்த டியூப் இன்னும் பல மாதம் உழைக்கும்.

படி 5: செயின், போக்ஸ், மற்றவை

செயின் கழன்றால் சிலர் பெடலை ஓங்கி மிதித்துச் செயினையும் வளைத்துவிடுவார்கள். இறங்குங்கள். பின்னாலுள்ள கியர் கையை (செயின் சுற்றிவரும், கியர் மாற்றும் ஸ்பிரிங் கை) முன்னோக்கித் தள்ளினால் செயின் தளரும். தளர்ந்த செயினை முன் பல்சக்கரத்தின் அடிப்பற்களில் மாட்டி, பெடலைக் கையால் மெல்லப் பின்னோக்கிச் சுற்றினால் ஏறிவிடும். அடிக்கடி கழன்றால் செயின் நீண்டிருக்கலாம். புதுச் செயினில் பன்னிரண்டு முழு இணைப்புகளின் நீளம் சரியாக 12 அங்குலம். ஸ்கேல் வைத்து அளந்து, ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் பின்னாலுள்ள பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், செலவு பல மடங்காகும்.

போக்ஸ் கம்பி ஒன்று உடைந்தால் அதைப் பக்கத்துக் கம்பியோடு சுற்றிவிட்டு, ரிம் பிரேக்கைக் கொஞ்சம் தளர்த்தி, மெதுவாகக் கடைக்குப் போய்ச் சக்கரத்தின் வளைவை நிமிர்த்திக் கோட்டம் எடுக்கக் கொடுங்கள். தெருமுனைக் கடையில் பல வருடம் கோட்டம் எடுத்துப் பழகிய மெக்கானிக் இருந்தால் விட்டுவிடாதீர்கள். பளபளக்கும் ஷோரூமில் எல்லோருக்கும் அந்தக் கை வந்துவிடுவதில்லை.

படி 6: சாலை

ஈசிஆரில், அதாவது கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஞாயிறு காலை சைக்கிள் ஓட்டுவது சென்னைக்காரர்களுக்குப் பழகிய விஷயம். திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு ஏறத்தாழ 20 கிலோமீட்டர், மாமல்லபுரம் 45. வாடைக்காற்றுக் காலமான மார்கழி, தை மாதங்களில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகில் தள்ளும். மாமல்லபுரம் வரை பறந்துவிட்டது போலத் தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், கூடவே வெயிலும் ஏறியிருக்கும். அதனால் போகும்போது எவ்வளவு தெம்பாக இருக்கிறது என்பதை வைத்துத் தூரத்தை முடிவு செய்யாதீர்கள். முதலில் எதிர்க்காற்றில் போய், வரும்போது அதன் உதவியோடு வருமாறு திட்டமிடுவது எப்போதும் நல்லது.

மணல் படிந்த சாலையோரத்தில் பிரேக் பிடிக்காதீர்கள், மணலுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். அடையாளம் போடாத வேகத்தடை எங்கே வேண்டுமானாலும் வரும். சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முழங்கையை மடக்கி ஏறினால் முதுகு தப்பிக்கும். நிற்கும் காருக்கு ஒரு கதவு அகலம் தள்ளிப் போங்கள். முன்னால் போகும் ஷேர் ஆட்டோ எந்த நொடியும் கை காட்டுபவருக்காக நிற்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் ஓரமாக வரும் இருசக்கர வண்டிக்காக வலப்பக்கம் சாலைக்குள் நகராதீர்கள். வேகத்தைக் குறைத்து உங்கள் ஓரத்திலேயே நின்றுவிடுங்கள், அவர் சுற்றிக்கொண்டு போகட்டும்.

காலை ஏழரைக்கு மேல் ஈசிஆரில் வண்டிகளின் வேகமும் எண்ணிக்கையும் வேறு. அதற்குள் திரும்பிவிடுமாறு கிளம்புங்கள்.

படி 7: விழுந்தால்

முதலில் சாலையை விட்டு வெளியே வாருங்கள். எழுந்து ஓடாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ வலி இருந்தால் அசையாமல் இருந்து உதவி கேளுங்கள், 108 அழையுங்கள். நினைவு தப்பியது, வாந்தி, குழப்பமான பேச்சு, தலைவலி கூடிக்கொண்டே போவது இவற்றில் எது இருந்தாலும், “ஒண்ணுமில்ல, சரியாப் போச்சு” என்று விழுந்தவரே சொன்னாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடிபட்ட ஒருவருக்கு நீங்கள் உதவ நேர்ந்தால் தயங்காதீர்கள். விபத்தில் உதவுபவரை அதற்காக வழக்கில் சிக்கவைக்கக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டமே பாதுகாப்பு தருகிறது.

சைக்கிளில் விழுபவர் தன்னையறியாமல் கையை ஊன்றுவார். அதனால் காறை எலும்பும் மணிக்கட்டும்தான் அதிகம் உடைகின்றன. பெருவிரலை விரித்தால் அதன் அடியில் மணிக்கட்டோரம் ஒரு குழி தெரியும். அங்கே அழுத்தினால் வலித்தால் சுளுக்கு என்று விட்டுவிடாதீர்கள். அந்தச் சின்ன எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். எக்ஸ்ரே நன்றாக இருந்தும் வலி தொடர்ந்தால் மறுபடி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிராய்ப்பை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கழுவி, ஒட்டியிருக்கும் மண்ணையும் கல்லையும் எடுத்துவிட்டு, சுத்தமான துணியால் மூடுங்கள். எரியும், ஆனால் மண் உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும். அழுக்குக் காயம், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆளைப் பார்த்த பிறகு வண்டி. ஹேண்டில்பார் சக்கரத்தோடு நேராக இருக்கிறதா, பிரேக் வேலை செய்கிறதா, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா? வலப்பக்கமாக விழுந்திருந்தால் பின்பக்கமிருந்து கியர் கையைப் பாருங்கள். அது உள்நோக்கி வளைந்திருந்தால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றாதீர்கள். கியர் கை போக்ஸுக்குள் சிக்கிச் சக்கரமே பூட்டிக்கொள்ளும். நடுக் கியரிலேயே வீடு வரை வாருங்கள்.

நாய் துரத்தினால் வேகமெடுப்பதுதான் இயல்பாக வரும், துரத்தலைக் கூட்டுவதும் அதுவே. வேகத்தைக் குறைத்து இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவே சைக்கிள் இருக்கும்படி மெதுவாக உருட்டிக்கொண்டு நடங்கள். பெரும்பாலும் ஆர்வம் குறைந்து திரும்பிவிடும். கடித்தாலோ பல் கீறினாலோ பதினைந்து நிமிடம் சோப்பு போட்டு ஓடும் நீரில் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தொடங்குங்கள், சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் முடியுங்கள். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம்.

படி 8: கடற்காற்றும் மழையும்

கடலோரம் ஓட்டிவிட்டு வந்தால் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்த்துணியாலும் துடையுங்கள். உப்புக்காற்று செயினையும் திருகுகளையும் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், மண்ணை இழுத்து அரைத்துவிடும். சைக்கிள் செயினுக்கென்றே விற்கும் எண்ணெயை ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். துடைப்பது எண்ணெய் போடுவதைவிட முக்கியம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய சாலையில் அடி தெரியவில்லையென்றால் இறங்காதீர்கள், கீழே திறந்த சாக்கடைக் குழி இருக்கலாம். நனைந்த வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும். நனைந்த ரிம்மில் பிரேக் தாமதமாகத்தான் பிடிக்கும்.

படி 9: பிள்ளைக்குக் கற்றுக்கொடுப்பது

முன்பெல்லாம் அப்பாவின் பெரிய சைக்கிளில் பாருக்கு நடுவே காலை விட்டு, குரங்கு பெடல் போட்டுக் கற்றுக்கொண்டார்கள். இப்போது பிள்ளைக்கு ஏற்ற அளவில் சைக்கிள் கிடைக்கிறது. மூன்று நான்கு வயதுக்கு 12 அங்குலச் சக்கரம், ஐந்தாறு வயதுக்கு 16, ஏழெட்டு வயதுக்கு 20 என்பது தோராயக் கணக்கு. வயதைவிட உயரமே முக்கியம். “வளர்ந்தா சரியாயிடும்” என்று பெரிதாக வாங்கிக் கொடுக்காதீர்கள். கால் எட்டாத சைக்கிளில் பிள்ளைக்குப் பயம்தான் வளரும்.

பக்கவாட்டில் மாட்டும் துணைச் சக்கரங்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவை பெடல் மிதிக்கக் கற்றுத்தரும், சமநிலையைக் கற்றுத்தராது. கடினமானது சமநிலைதான். அதற்கு முதலில் பெடல் இரண்டையும் கழற்றிவிடுங்கள். 15 மி.மீ. ஸ்பேனர் பெரும்பாலான பெடல்களுக்குப் பொருந்தும். வலப்பக்கப் பெடல் வழக்கம் போல இடஞ்சுழியாகத் திருகினால் கழலும். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ், அதை வலஞ்சுழியாகத் திருக வேண்டும். தெரியாமல் முரட்டுத்தனமாக முறுக்கினால் மரை போய்விடும்.

இரண்டு பாதமும் தரையில் தட்டையாகப் படும்வரை சீட்டை இறக்குங்கள். மெல்லிய சரிவுள்ள மைதானமோ அடுக்குமாடியின் உள்சாலையோ போதும். பிள்ளை உட்கார்ந்தபடி நடக்கட்டும், அப்புறம் தானாகவே தாவித்தாவிப் போகும், அப்புறம் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு சறுக்கிப் பார்க்கும். காலைத் தூக்கியபடி ஏழெட்டு மீட்டர் நேராகப் போய்த் திருப்பவும் முடிகிறது என்றால் பெடலை மாட்டுங்கள். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள், நீங்கள் பிடித்திருக்கும்வரை சமநிலை உங்களுடையதுதான். தேவைப்பட்டால் முதுகின் மேல்பகுதியில் கையை லேசாக வையுங்கள். பெடல் மிதிப்பதற்கு முன்பே பிரேக் பிடிக்கக் கற்றிருக்க வேண்டும். சின்னக் கைக்கு லீவர் எட்டுகிறதா என்று பாருங்கள், எட்டாவிட்டால் லீவரில் உள்ள சின்னத் திருகால் அருகே கொண்டுவரலாம்.

சிறு வயதில் சைக்கிள் கற்க வாய்ப்பே கிடைக்காத அம்மாக்களும் பாட்டிகளும் நம் வீடுகளில் ஏராளம். “இந்த வயசுல எதுக்கு” என்பார்கள். அவர்களுக்கும் இதே முறைதான். தாழ்வான பாருள்ள சைக்கிளில் பெடலைக் கழற்றி, சீட்டை இறக்கி, வேடிக்கை பார்க்க ஆளில்லாத அதிகாலையில் தொடங்குங்கள். புடவை வேண்டாம், சுடிதார் என்றால் துப்பட்டாவைக் கட்டிவிடுங்கள். அம்மா தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வருவதைப் பார்ப்பது பெரிய சந்தோஷம், அதற்காகச் சில வாரம் பொறுமையாக இருக்கலாம்.

படி 10: எல்லோரும் சேர்ந்து ஒரு காலை

கூட வருபவர்களில் யார் மெதுவாகப் போவாரோ, யாருக்குச் சீக்கிரம் களைக்குமோ அவரை வைத்துத்தான் தூரம், வேகம், நேரம் மூன்றையும் முடிவு செய்ய வேண்டும். முதல் குடும்பப் பயணம் மொத்தமே ஐந்தாறு கிலோமீட்டர் இருந்தால் போதும், நடுவே நிற்க ஓர் இடமும் வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை அதிகாலையில் நல்ல இடம். மெரினாவில் காமராஜர் சாலையை விட்டு உள்ளே கடற்கரையை ஒட்டியிருக்கும் சாலையும் அப்படியே. திருச்சிக்காரர்களுக்குக் காவிரியை ஒட்டிக் கல்லணைக்குப் போகும் வழி இருக்கிறது, பிள்ளைகள் கொஞ்சம் பழகிய பிறகு. விடுமுறைக்குப் புதுச்சேரி போனால் அங்கேயே வாடகைக்குச் சைக்கிள் எடுக்கலாம். ஆரோவில்லில் மரங்களுக்கு நடுவே சைக்கிளுக்கென்றே பாதைகள் உண்டு. ஈசிஆருக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அங்கே ஓடும் வண்டிகளின் வேகத்தைச் சின்னப் பிள்ளைகளால் கணிக்க முடியாது.

பெரியவர்கள் இருவர் என்றால் ஒருவர் முன்னால், ஒருவர் கடைசியில், பிள்ளைகள் நடுவே ஒற்றை வரிசையில். ஒரே ஒருவர் என்றால் பிள்ளைக்குப் பின்னால், ஓர் அடி வலப்பக்கம் தள்ளி ஓட்டுங்கள். பின்னால் வரும் வண்டி முதலில் உங்களைப் பார்த்து விலகும், பிள்ளையும் உங்கள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். “நில்லு”, “ஓரமா வா”, “மெதுவா” என்று மூன்று சொற்களை முன்கூட்டியே பேசிவைத்து, வீட்டு வாசலிலேயே பழகிப்பாருங்கள். சாலையைக் கடக்கும் இடத்தில் எல்லோரும் இறங்கி உருட்டிக்கொண்டு கடப்பது என்பதில் விதிவிலக்கே கூடாது.

சின்னக் குழந்தையை வெறும் கேரியரில் உட்கார வைக்காதீர்கள். தொங்கும் கால் பின்சக்கரப் போக்ஸுக்குள் போய்க் குதிகால் கிழிவது மருத்துவமனைகளில் அடிக்கடி பார்க்கும் காயம். முதுகுச் சாய்வும் இடுப்புப் பட்டையும் கால் வைக்கும் தட்டும் உள்ள குழந்தை இருக்கையை மாட்டுங்கள், சக்கரத்தின் பக்கவாட்டை சேலை கார்டாலோ வலையாலோ மூடுங்கள். இருக்கை தாங்கும் எடை வரம்பு அதிலேயே எழுதியிருக்கும். பின்னால் உட்கார்ந்து வரும் பெரியவர்களின் முந்தானைக்கும் அந்த கார்டு தேவை.

கத்திரி வெயில் காலத்தில் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். தாகம் எடுத்ததும் குடிக்கலாம் என்று பிள்ளைகளை விடாதீர்கள், விளையாட்டில் மறந்துவிடுவார்கள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி நாலு வாய் குடிக்கச் சொல்லுங்கள். வியர்வை அதிகம் என்றால் உப்புப் போட்ட மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். எதுவும் நல்லது. பேசிக்கொண்டே வந்த பிள்ளை திடீரென்று அமைதியானால், முகம் சிவந்து தலை வலிக்கிறது என்றால், நிழலில் நிறுத்தித் தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். அதற்குமேல் அன்று ஓட்ட வேண்டாம். மயக்கமோ குழப்பமோ தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

சாப்பாட்டைப் போகிற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இட்லிக் கடையோ, வீட்டிலிருந்து கட்டிய எலுமிச்சைச் சாதமோ, அங்கே போனால் அது இருக்கிறது என்று தெரிந்தால் கடைசி ஒரு கிலோமீட்டரைப் பிள்ளைகள் முணுமுணுக்காமல் மிதிப்பார்கள். அரை மணி நேரம் மணலில் விளையாடவும் விடுங்கள்.

திரும்பி வர முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் முதல் நாளே பேசிவையுங்கள். வழியில் யாருடைய வீடு இருக்கிறது, யார் வண்டி எடுத்து வருவார்கள், எங்கிருந்து மினி லோடு ஆட்டோ கிடைக்கும் என்று பாருங்கள். மூன்று நான்கு சைக்கிளும் ஒரு மினி லோடு ஆட்டோவில் ஏறிவிடும். சைக்கிள்களுக்கு நடுவே பழைய போர்வையோ அட்டையோ வைத்துக் கயிறு கட்டினால் கீறல் விழாது. கியர் இருக்கும் வலப்பக்கம் வேறு சைக்கிளின் மேல் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.